இரவு ஷிஃப்டுக்குப் பொருத்தம்

கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம்.
டர்பன் துறைமுகத்துக் குளிர்கிடங்கில்
இரவு ஷிஃப்டுக்குப் பதினாலு பார்க்கிறது
என் மேசைக் கணினி.
அமோனியா பயிற்சி உண்டா, முதலுதவி உண்டா,
முந்தின ஷிஃப்ட் முடிந்து பன்னிரண்டு மணி ஆயிற்றா,
முதுகு எப்படி, கண் எப்படி.
எல்லாம் கூடி வந்தால் கட்டம் பச்சை.
இதில் ரஜ்ஜு என்பது உரிமம்.
அது தட்டினால்
மற்ற பதின்மூன்றும் இருந்து பயனில்லை.

ஆகஸ்ட். ஆரஞ்சுக் காலம்.
லிம்போபோவிலிருந்து வந்த லாரிகள்
பேஹெட் சாலை நெடுக
விளக்கணைத்து நிற்கின்றன.
ஏழு ஃபோர்க்லிஃப்ட், ஏழு ஆள், ஏழும் பச்சை.
தேநீரைக் கையில் எடுத்தேன்.
மணி பன்னிரண்டு.
பிரேகாவின் கட்டம் சிவந்தது.

பிரேகா படையாச்சி, வயது இருபத்தாறு.
உரிமம் நேற்றோடு முடிந்தது,
அதாவது ஒரு நிமிடத்துக்கு முன்னால்.
ஷிஃப்ட் தொடங்கும் தேதியை மட்டும் பார்த்து
பச்சை கொடுத்திருக்கிறது சாஃப்ட்வேர்.
கீழே அவன்
நாலாவது அடுக்குக்கு ஒரு பேலட்டை
ஏற்றிக்கொண்டிருக்கிறான்.
தூக்கியவன் ஓட்டுநர்.
வைக்கப்போகிறவன் யார்?

ரேடியோவில் சொன்னேன்.
"அந்தரத்துல விட்டுட்டு வரவா அக்கா?"
வைத்துவிட்டு இறங்கு என்றேன்.
அந்த நாற்பது நொடியை
எந்தக் கட்டத்திலும் நான் எழுதவில்லை.

'மாற்று ஆள்' பொத்தானை அழுத்தினேன்.
ம்தோகோசிசி, தொண்ணூற்றொரு சதவீதம்.
உம்லாஸியில் உறங்குகிறார்.
இந்நேரம் அங்கிருந்து டாக்ஸி கிடையாது.
தவமணி கோவெண்டர், எண்பத்தெட்டு.
வயிற்றில் மூன்று மாதம்,
என்னிடம் மட்டும் சொல்லியிருக்கிறாள்.
இவர்களுக்கு மேலே இன்னொரு பெயர்.
தொண்ணூற்றாறு.

என் பெயர்.

போன வருடம், வகுப்புக்கு ஆள் போதவில்லை என்று
இழுத்து உட்காரவைத்த இரண்டு நாள்.
நான் மறந்துவிட்டேன். அது வைத்திருந்தது.
மார்ச் வரை செல்லும்.

யாருடையதோ கோட்டு,
கை விரல்நுனிக்குக் கீழே தொங்கியது.
கதவு திறக்கும்போதெல்லாம்
உள்ளிருந்து புகையாய்க் கிளம்புகிறது குளிர்.
வண்டியைத் தொட பிரேகாவுக்கு உரிமை இல்லை.
மஞ்சள் கோட்டுக்கு அப்பால் நிற்க
யாரும் உரிமம் கேட்பதில்லை.
முதல் பேலட்டின் மூலை இடித்து
ஒரு பெட்டி வாய் பிளந்தது.
உருண்டு வந்த ஆரஞ்சைக் காலால் நிறுத்தினான்,
ஒன்றும் சொல்லவில்லை.
பிறகு அந்தப் புகைக்குள்
அவன் முகம் போய், உடம்பு போய்,
மஞ்சள் கையுறைகள் இரண்டு மட்டும்:
அரை அங்குலம் இடம்.
நில்.
இன்னும் கொஞ்சம்.
உள்ளங்கையைக் கீழே அமர்த்தினால்
மூச்சை விடு என்று அர்த்தம்.
அது எந்தக் கையேட்டிலும் கிடையாது.

விடியுமுன் முப்பத்தொரு பேலட்.
அதுவரை மேலே என் நாற்காலியில் யாருமில்லை.
அட்டவணை தானாக ஓடியிருந்தது.
அது கொஞ்சம் சுருக்கென்றது.

பிரேகாவின் பக்கத்தைத் திறந்தேன்.
'திறன் சேர்.'
புகைக்குள் கை காட்டுவார், என்று அடித்தேன்.
சேமிக்க மறுத்தது.
சான்றிதழ் எண் வேண்டுமாம்.
கையுறை அளவு ஒன்பது. ஒன்பது போட்டேன்.
காலாவதி தேதி வேண்டுமாம்.
உருட்டினேன், உருட்டினேன்,
இதற்கு மேல் ஆண்டு இல்லை என்ற இடம் வரை.
இரண்டாயிரத்துத் தொண்ணூற்றொன்பது,
டிசம்பர் முப்பத்தொன்று, நள்ளிரவு.

அன்றைக்கு மேசையில் இருக்கப்போகிறவரே,
அவர் எதையாவது தூக்கிப் பிடித்திருந்தால்
வைக்கும் வரை பொறுங்கள்.