மீதி நூற்று நாற்பத்து மூன்று

பரணில் பெட்டி தேடப்போன அன்று
சணல் கட்டோடு தலையில் விழுந்தன
மஞ்சள் துணிப்பைகள்.
ஐந்நூறு அடித்தோம்.
அன்றைக்கு மழை. ஆட்கள் வரவில்லை.
மீதி நூற்று நாற்பத்து மூன்று.

முன்பக்கம், சிவப்பு மையில்:
அங்கயற்கண்ணி – தெய்வேந்திரன்.
கீழே தேதி. மண்டபத்தின் பேர்.
மண்டபத்தின் போன் நம்பர்.
பின்பக்கம் நன்றி, கூப்பிய இரண்டு கைகள்.

தீர்ப்பு வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது.
எரித்துவிடு என்றாள் தங்கை.
தரை துடைக்கலாம் என்றாள் எதிர்வீட்டு சபுரா.

என் சமையலறைக் கதவுக்குப் பின்னால்
கவருக்குள் கவர், அதற்குள் கவர் என்று
ஆணியில் ஒரு பெரிய வயிறு தொங்கிக்கொண்டிருந்தது.
கால் கிலோ பீன்ஸுக்கு ஒன்று,
மூன்று எலுமிச்சைக்கு ஒன்று,
கொசுறாய் வந்த கறிவேப்பிலைக்கும் ஒன்று.
ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குப் பதினொன்று.
இவற்றின் அக்கா தங்கைகளை
வண்டியூர் கண்மாய்க் கரையில் பார்த்திருக்கிறேன்,
கருவேல முள்ளில் மாட்டிக்கொண்டு
காற்றடித்தால் மட்டும் உயிர்வந்து.

பையை உள்வெளியாகத் திருப்பிப் போட்டு
உழவர் சந்தைக்கு எடுத்துப் போனேன்.
எழுத்து அப்படியும் தெரிந்தது,
கண்ணாடிக்குள் நிற்கிற மாதிரி இடம் வலம் மாறி.

ஒச்சம்மா
செக்கானூரணியிலிருந்து முதல் பஸ்ஸில் வருகிறவள்.
"எல்லாத்தையும் ஒண்ணாவா போடச் சொல்றீக?
தக்காளி நசுங்குச்சுன்னா என்னைய வையக் கூடாது."
ஒண்ணாத்தான்.
"அப்பக் குடுங்க, நான் அடுக்குறேன்."
கீழே உருளை, கருணை.
மேலே வெங்காயம்.
கத்தரிக்காய்கள் காம்பு யாரையும் குத்தாமல் ஓரமாய்.
தக்காளி கடைசி. கொத்தமல்லிக்கு வாசல்.
அடுக்கும்போதே படித்துவிட்டாள்.

"யாரு கல்யாணம்க்கா?"
என்னோடதுதான்.
"அவுக எங்க?"
பையை வாங்கித் தோளில் மாட்டினேன்.
ஆறு கிலோ இருக்கும்.
அதுல இல்ல, என்றேன்.
நாலு பச்சை மிளகாயை அள்ளி
கொத்தமல்லிக்குப் பக்கத்தில் செருகினாள்.
"இன்னும் இருக்கா இந்தப் பை?"

மறுவாரம் நூறு கொண்டுபோய்க் கொடுத்தேன்.
கவர் கேட்பவர்களுக்கு இரவல் தருகிறாள்.
"கவருக்கு கார்ப்பரேசன்காரன் ஃபைன் போட்டுட்டான்.
இந்தாங்க பை, வாரவாரம் கொண்டாந்துரணும்.
கொண்டாரலைன்னா
பேரு இருக்கு, தேடி வருவேன்."
இருப்பது என் பேர்.

பாதிதான் திரும்புகிறதாம்.
மற்றவை ஊர் சுற்றுகின்றன.
ஷேர் ஆட்டோவில் ஒரு போலீஸ்காரர் மடியில் இருந்தோம்,
வாயில் புடலங்காய் நீட்டிக்கொண்டு.
ஊமச்சிகுளம் பஸ்ஸில் ஜன்னலோரம்
சீட்டுக்குத் துண்டு போட்ட மாதிரி
எங்களைப் போட்டு வைத்திருந்தார்கள்.

கார்த்திகையில் ஒருநாள் அவன் கூப்பிட்டான்.
"நம்ம பைய கோரிப்பாளையம் சிக்னல்ல பாத்தேன்.
ஒரு அம்மா வச்சிருந்தாங்க."
ம்.
"ஏதுன்னு கேக்கலாமான்னு நினைச்சேன்,
பச்சை விழுந்துருச்சு."
ம்.
"உள்ள முருங்கைக்காய்."
அவனுக்கு முருங்கைக்காய் ஆகாது.
அது இரண்டு பேருக்கும் ஒன்றாய் ஞாபகம் வர
லைன் கொஞ்ச நேரம் இரைந்தது.

இட்லி மாவு இன்னும் கவரில்தான் வாங்குகிறேன்.
மீனுக்குத் தூக்குவாளி எடுக்க
மூன்று ஞாயிற்றுக்கு ஒருமுறை மறந்துபோகிறது.
நான் ஒன்றும் உத்தமி இல்லை.
கதவுக்குப் பின்னால் அந்த வயிறு மட்டும்
இளைத்திருக்கிறது.

என்னிடம் இருக்கும் பையில்
பீட்ரூட் என் பேரை முழுசாய்த் தின்றுவிட்டது.
சோப்பு அவன் பேரில் முதல் இரண்டு எழுத்தைக் கரைத்து
வேந்திரனை மட்டும் விட்டு வைத்திருக்கிறது.
மண்டபத்து நம்பர்
நல்ல மை போலிருக்கிறது, அசையவில்லை.

நேற்று ஒச்சம்மா சொன்னாள்.
யாரோ அந்த நம்பருக்குப் போன் போட்டு
இந்தப் பை எங்க கிடைக்கும் என்று கேட்டார்களாம்.
மண்டபத்தில் சொன்னார்களாம்:
கல்யாணம் பண்ணுங்க,
அடிச்சுத் தர்றோம்.