ரத்தத்துக்கு ரசீது

காப்பீட்டுப் பிரிவில் இருப்பவருக்கு,
உங்கள் கடிதம் மூன்று வாரம் அலைந்து
வெள்ளிக்கிழமைக் கப்பலில் வந்தது.
டீசல் வாசம்.
பாலிசி எண்ணை ராடெக் விட்டுப்போன அட்டையைப் பார்த்து எழுதுகிறேன்.
கடைசி இலக்கம் ஏழா ஒன்றா, தெரியவில்லை.
அதன்மேல் அவருடைய ரத்தம் காய்ந்திருக்கிறது.

முதல் கேள்வி, மருத்துவமனையின் தெரு முகவரி.
தெரு இல்லை.
தேவாலயத்துக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவில்
பச்சைக் கதவு.

இரண்டாவது, அருகிலுள்ள விமான நிலையம், சாலைவழித் தொலைவு.
இதை அன்றிரவு உங்கள் பெண்ணும் கேட்டாள்.
என் காதுக்கும் தோளுக்கும் இடையில் சாட்டிலைட் போன்,
கை முஷ்டி வரை ராடெக்கின் தொடைக்குள்.
கடல், என்றேன்.
கடல் என்பதை அவள் கணினி ஏற்கவில்லை.
கிலோமீட்டரில் சொல்லச் சொன்னாள்.
ஐந்நூறு.
அப்படியானால் ஹெலிகாப்டர், என்றாள்.
பாதி வழியில் எண்ணெய் தீர்ந்துவிடும், என்றேன்.
காத்திருங்கள் என்று பியானோ போட்டாள்.
நன்றாகத்தான் இருந்தது.
நிமிடத்துக்கு நிமிடம் காசு கரையும் போனில்
பதினொரு நிமிடம் பியானோ கேட்டோம்
நானும் மாலியாவும்
செக் மொழியில் யாரையோ கூப்பிட்டுக்கொண்டிருந்த அவரும்.

சூரியத் தகடு பதிக்க வந்தவர்.
கூரைத் தகரம் வழுக்கி,
அதே தகரம் தொடையைத் திறந்துவிட்டது.
அட்டை நீல நிறம், உலகப் படம் போட்டது.
ஓய்ந்த பிறகு அதில் எங்களைத் தேடினேன்.
நாங்கள் இருக்க வேண்டிய இடத்தில்
உங்கள் தொலைபேசி எண்ணை அச்சிட்டிருக்கிறீர்கள்.

மூன்றாவது கேள்வி.
ஏற்றிய ரத்தம் நான்கு பை.
வழங்கிய நிறுவனம், விலை, ரசீது.

ரத்த வங்கி இங்கே நடமாடுகிறது.
சுவரில் ஒரு பட்டியல்,
பெயர், வகை,
இறந்தவர்மேல் பென்சில் கோடு.
அன்று ஞாயிறு, ஒரு வலையும் நனையாத நாள்.
செட்டெஃபானோ கோயில் மணியை அடித்தான்.
நேரம் தவறி மணி கேட்டால் தீ, இல்லையென்றால் நான்.
ஓ பாசிட்டிவ் எழுபது பேர்
வெள்ளை உடுப்போடு வாசலில் நின்றார்கள்.

ஒன்று: ஓட்டினியேலு, படகோட்டி.
கொடுத்த கையோடு அன்றிரவே
பவளப்பாறை இடுக்கில் படகைத் தள்ளிக் கப்பல்வரை கொண்டுபோனார்.
வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன்.
இரண்டு: லெபெகா, ஆசிரியை.
ஊசியைப் பார்த்தால் மயங்குவாள். மயங்கினாள்.
படுத்தபடியே கொடுத்தாள்.
மூன்று: கீலி. தன் நாயை ராடெக் உதைத்தார் என்று
ஒரு மாதமாக அவரோடு பேச்சில்லை.
கொடுத்த பிறகும் பேசவில்லை.
நான்கு: இதை எழுதுகிறவள். மாலியா எடுத்தாள்.

விலைக் கட்டத்தைக் காலியாக விடக்கூடாது என்று
சிவப்பில் அச்சிட்டிருக்கிறீர்கள்.
ஆளுக்கு ஓர் இளநீர், இரண்டு பிஸ்கட்.
இளநீர் கீலியின் மரம்.
பிஸ்கட் கூட்டுறவுக் கடையில் கடன்,
அந்த ரசீதை இணைத்திருக்கிறேன்.

ராடெக் கோலூன்றி நடக்கிறாராம், கடிதம் போட்டிருந்தார்.
மகிழ்ச்சி.

இன்னொன்று, அதற்கு உங்கள் படிவத்தில் கட்டம் இல்லை.
டிசம்பரில் ஓட்டினியேலுவின் மகள் அலோஃபிக்குப் பிரசவம்.
மணி அடித்தோம், எழுபது பேரும் வந்தார்கள்.
ரத்தம் இருந்தது. அறுக்கத் தெரிந்த கை இல்லை.
கப்பல் மூன்று நாள் தொலைவில்.
அவளுக்கு அட்டை கிடையாது, எங்களில் யாருக்கும் கிடையாது.
உங்களை அழைத்தது நான்தான்.
பாலிசி எண் கேட்டார்கள். ராடெக்கின் எண்ணைச் சொன்னேன்.
பொய்தான். எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.
கடைசி இலக்கத்தை ஏழு என்றேன்.
பொருந்தவில்லை, சரிபார்க்கிறோம் என்றார்கள்.
பிறகு அதே பியானோ.

கப்பல் பதினாறாம் தேதி புறப்படும்.
பதில் போடும்போது
அது ஏழா ஒன்றா என்று மட்டும் எழுதுங்கள்.