திருப்பித் தர வேண்டாம் என்ற பாத்திரம்

எர்மெலிந்தா டீச்சர்,
உங்கள் கதையை வாசித்துவிட்டேன்.
மகள் மட்காவிலிருந்து வாங்கி வந்தாள்.
பரிசு பெற்றது என்று அட்டையிலேயே போட்டிருக்கிறது.

அதில் வரும் சாந்தான் நான்தான்.
நெற்றித் தழும்பை அப்படியே வைத்துக்கொண்டு
பியெதாத் என்ற பெயரை மட்டும்
எடுத்துவிட்டீர்கள்.

அந்த ஜூன் மழையை நன்றாக எழுதியிருக்கிறீர்கள்.
ஓடு ஒழுகியது,
டைபாய்டில் நான் சுருண்டு கிடந்தது,
நீங்கள் குடையும் கோழி சூப்புமாகச்
சேற்றில் நடந்து வந்தது,
எல்லாம் சரி.
சூப்பில் மிளகு தூக்கல்.
அதை எழுதவில்லை, போகட்டும்.

பதினான்காம் பக்கத்தில்
பாத்திரத்தைத் திருப்பித் தர வேண்டாம், நீயே வைத்துக்கொள்
என்கிறாள் உங்கள் சீமாட்டி.
சாந்தான் கண்ணீர் விடுகிறாள்.
அடுத்திருப்பவர்மேல் அன்பு கொள் என்பதுபோல்
கோயில் மணியும் சரியாக அந்நேரம் அடிக்கிறது.

டீச்சர், நான் அழவில்லை.
பசித்தது. குடித்தேன்.
பாத்திரம் ஏன் வேண்டாமென்றீர்கள் என்பது
காய்ச்சல் இறங்கிய பிறகுதான்
உறைத்தது.

ஊர்ச் சவங்களுக்கெல்லாம் குழி வெட்டியவர் என் அப்பா.
உங்கள் மாமனாருக்கும்தான்.
செம்புறைப் பாறை,
அன்று மூன்று கடப்பாறை மழுங்கியது.
அப்பாவின் பெட்டிக்குப் பின்னால்
சிவப்பு அங்கி ஒன்றுகூட வரவில்லை.
சகோதர சபையில் பெயரில்லாதவனுக்கு
அங்கி எதற்கு என்றார்கள்.
கதையில் அவரைத் தேடினேன், காணோம்.
சாந்தானுக்கு அப்பனே இல்லை.
இயேசுவுக்காவது
ஒரு தச்சன் இருந்தார்.

நேற்றுப் பால்காரன் சொன்னான்,
மூன்று நாளாக உங்களுக்குக் காய்ச்சலாம்.
மகன் லிஸ்பனில். வேலைக்காரியும் வருவதில்லை.

அந்தப் பாத்திரத்தில்தான் கஞ்சி கொண்டுவந்திருக்கிறேன்.
ஒரு கைப்பிடி ஆடும், துணியால் பிடியுங்கள்.
தொட்டுக்கொள்ள உப்பு மாங்காய்.
பின்கட்டு வழி எனக்குத் தெரியும்,
இருபத்தெட்டு வருடம் அந்த வழிதான்.
இன்று முன்வாசலில் நிற்கிறேன்.
மணியை இரண்டு தரம் அழுத்தியாயிற்று.
உள்ளே செருப்பு உரசுகிறது.

குடித்துவிட்டுப்
பாத்திரத்தைத் திருப்பித் தாருங்கள்.
கழுவக்கூட வேண்டாம்.