பத்துக்கு நாற்பத்து மூன்று

மகராசகடைக்கு மேலே மாந்தோப்புப் பாதையில்
ஒரு பாறை இருக்கிறது.
போகும்போதும் வரும்போதும்
என் பிக்கப்பின் அடிவயிற்றைத் தடவிப் பார்க்கும்.
மூன்றாம் தடவை ஆயில் சிந்தியபோது
பெரிய டயர் போட்டேன்.
இருபத்தேழு அங்குலம் முப்பத்தொன்றானது.
வண்டி உயர்ந்தது என்னவோ இரண்டு அங்குலம்தான்.
பாறைக்கு எட்டவில்லை, போதும்.

அன்றைக்கே மேட்டில் தெரிந்துவிட்டது.
மூன்றாவதில் தாண்டுகிற இடத்தில்
இரண்டாவது முனகியது.
இரண்டாவதின் இடத்தில்
முதல் கியரும் மூச்சு வாங்கியது.
பின்னால் ஒன்றரை டன் பெங்களூரா,
முன்னால் கிளட்ச் பிளேட் கருகும் நெடி.
முனிரத்னம் குதித்து இறங்கிச் சக்கரத்துக்குக் கல் வைத்தான்.
"எல்லம்மாக்கா, பெரிய செருப்பு மாட்டிட்டு
பழைய நடையே நடன்னா எப்படி நடக்கும்?"

பழையபேட்டையில் நயாஸ் பாஷா
ஹவுசிங்கைத் திறந்தான்.
டீசலில் கழுவிய கிரவுனையும் பினியனையும்
நேற்றைய பேப்பரில் வைத்தான்.
நாற்பத்தொரு பல், பதினொரு பல்.
பினியன் மூணே முக்கால் சுற்று சுற்றினால்
சக்கரம் ஒரு சுற்று.
"உன் டயருக்கு அது பத்தாது.
நாலேகாலுக்குக் கொஞ்சம் மேலே வேணும்.
ரெண்டு ஜோடி கிடைக்கும்.
நாற்பத்தொன்றுக்கு ஒன்பது: யானை மாதிரி ஏறும்,
பர்கூர் ரோட்டில் எழுபதுக்கே கத்தும்.
நாற்பத்து மூன்றுக்குப் பத்து:
பழைய டயரில் எப்படியோ அப்படி.
நீ அதிகம் இருப்பது மேட்டிலா, ரோட்டிலா?"

இதுவரை யாரும் என்னை
இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை.
டேஷ்போர்டிலிருந்து நடைநோட்டை எடுத்துப் புரட்டினேன்.
மேடு ஐந்து கிலோமீட்டர்,
அதுவும் பாரத்தோடு ஒரு பக்கம்தான்.
மீதியெல்லாம் தார்.
மேட்டில் இருப்பது கொஞ்ச நேரம்,
ஆனால் பயப்படுவதெல்லாம் அங்கேதான்.
பயத்துக்காக ஒன்பதை வாங்குவதா,
டீசலுக்காகப் பத்தை வாங்குவதா?

நோட்டில் வேறொன்று கண்ணில் பட்டது.
டயர் மாற்றும்வரை ஒரு நடை நாற்பத்தாறு.
மாற்றிய பிறகு நாற்பது.
அதே தோப்பு, அதே ஜூஸ் ஃபாக்டரி, அதே பாறை.
பாஷா சிரித்தான்.
பெரிய சக்கரம் எட்டி வைத்து நடக்கும்,
மீட்டர் பழைய அடியையே எண்ணும்.
எழுபத்தொரு நடை, நடைக்கு ஆறு.
நானூற்று இருபத்தாறு கிலோமீட்டர்
வாடகை வாங்காமல் ஓட்டியிருக்கிறேன்.
அதற்குச் சென்னைக்கே போய்
பள்ளிகொண்டா டோல்கேட் வரை திரும்பியிருக்கலாம்.

"பத்தையே போடு" என்றேன்.
பத்தும் நாற்பத்து மூன்றும் எதிலும் சேர்ந்து வகுபடாதவை;
இங்குள்ள ஒவ்வொரு பல்லும்
அங்குள்ள எல்லாப் பல்லையும் சந்தித்த பிறகுதான்
முதல் பல்லிடம் திரும்பி வரும்.
ஒரே இடத்தில் தேயாது என்றான் பாஷா.
ஊர்ப் பஞ்சாயத்தை இப்படி வைத்தால் தேவலை என்றான் முனிரத்னம்.

மறுநாள் மூன்றாவதிலேயே ஏறியது.
பாறை எங்களைப் பார்த்தது,
தொடவில்லை.

ஃபாக்டரி கேட்டில் திம்மராயன் சீட்டைத் திருப்பித் தள்ளினான்.
"நேத்து வரைக்கும் நாற்பது.
ராத்திரியோட ராத்திரியா
ரோடு வளர்ந்திடுச்சாம்மா?"
வரிசையில் பின்னால் நின்ற டிரைவர்கள் சிரித்தார்கள்.

ஆறு கிலோமீட்டருக்காக எவனிடமும்
பல்லைக் காட்டியவள் இல்லை நான்.
அன்று காட்டினேன்.
டூல்ஸ் பெட்டியைத் திறந்து
பழைய பினியனை எடுத்து
அவன் சீட்டுக்கட்டின் மேல் வைத்தேன்.
கிரீஸ் வட்டம் பரவியது.
எண்ணு என்றேன்.

எண்ணினான். பதினொன்று என்றான்.
சந்தேகம், மறுபடி எண்ணினான்.
பழைய ஆறுகளை நான் கேட்கவில்லை.
கேட்க மாட்டேன் என்றும் சொல்லவில்லை.
"இப்போ எழுது, நாற்பத்தாறு."

பின்னால் ஹார்ன் அடித்தார்கள்.