கடைசி எண்ணும் சேர்த்தி

முழுசாய்க் கேட்டால்
முப்பத்தெட்டு சதவீதத்தில் அறுந்துவிடும்.
மறுபடி கேட்டால் மறுபடி சுழியிலிருந்து.
இட்டோக்கோர்டூர்மீட் துறைமுக அலுவலகத்தில்
மூன்று இரவாய் இவாலு பார்த்தது இதைத்தான்:
பச்சைக் கோடு ஊர்ந்து ஊர்ந்து வளர்ந்து
சாட்டிலைட் ஒரு தும்மல் போட்டதும் காணாமல் போவது.

கோப்பு நாலு ஜிபி.
கிரீன்லாந்தின் கிழக்குக் கரை முழுக்க
ரேடார் பார்த்த கடற்பனி.
மேகத்துக்குள்ளும் பார்க்கும், இருட்டிலும் பார்க்கும்.
இந்த ஊர் இணையத்தைத்தான் பார்த்ததில்லை.

வெளியே மஸ்ஸான்டி, பதினோரு நாய்கள்.
ஃபியோர்டின் வாயைக் கடந்து தென்கரைக்குப் போகணும்.
கஸ்தூரி எருது அனுமதி ஞாயிறோடு முடிகிறது.
கண்ணாடியைத் தட்டிப் புருவம் உயர்த்துகிறான்.
இவள் கையை ஆட்டுகிறாள்;
இல்லை என்றும் பொருள்,
போடா என்றும் பொருள்.

நாலாம் இரவு முப்பது வரி எழுதினாள்.
இந்த பைட்டிலிருந்து இந்த பைட் வரை, போதும், என்று.
கோபன்ஹேகன் சர்வர் எப்போதும் சொல்லும்
இருநூறு என்ற பெருமூச்சைச் சொல்லவில்லை.
இருநூற்று ஆறு என்றது.
முழுசில்லை, நீ கேட்ட அளவு, இந்தா.
அந்த ஆறு அவளுக்குப் பிடித்துப்போனது.

வந்ததை வட்டில் வை.
அறுந்தால் அழாதே,
அறுந்த இடத்தின் எண்ணைச் சொல்லிக் கேள்.

விடிந்தபோது நூற்றுப் பத்தொன்பது துண்டு.
சேர்த்துப் பார்த்தால்
கரை குடித்தவன்போல் சாய்ந்து நிற்கிறது,
பட்டைக்குப் பட்டை மயிரிழை வலப்பக்கம்.

கடைசி எண்ணும் சேர்த்தி. அதை மறந்திருந்தாள்.
சுழி முதல் நூறு வரை என்றால் நூறல்ல,
நூற்றியொன்று.
ஒவ்வொரு தையலிலும் ஒரு பைட் இரண்டு முறை.
ஒன்றைக் கழித்தாள். காப்பி ஆறியிருந்தது, குடித்தாள்.

வியாழன் மாலை எல்லாம் வந்து சேர்ந்தது.
ஐந்நூற்றுப் பதினேழு.
கரை நேராக நின்றது.
ஆனால் நடுக்கடலில் ஒரு கோடு,
அடிக்கோல் வைத்து இழுத்ததுபோல்.
கோட்டுக்கு மேலே ஒரு பெரும் பனித்தட்டின் பாதி,
கீழே மீதிப் பாதி இல்லை,
வேறு ஏதோ நொறுங்கல்.

பெயர் மாறாமல் கோப்பு மாறியிருக்கிறது.
வடக்கு செவ்வாய்க்கிழமை, தெற்கு இன்று.
இப்படி ஒரு கடல் எந்த நாளிலும் இருந்ததில்லை;
அதன்மேல் ஒருவனை அனுப்ப இருந்தாள்.

கொஞ்ச நேரம் எதையும் தொடவில்லை.

பிறகு, ஒவ்வொரு கேள்விக்கும் முன்னால்
ஒரு கேள்வி சேர்த்தாள்:
நீ இன்னும் அதே கோப்புதானா?
ஆமென்றால் துண்டைக் கொடு.
இல்லையென்றால் இல்லையென்று சொல்,
பழையதை நானே கொட்டிவிடுகிறேன்.

அப்புறம்தான் தோன்றியது,
கரை முழுக்க எனக்கு எதற்கு?
ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்;
பனிக்கு அது ஆகாது,
எந்தச் சோறு வாயில் போகிறதோ
அந்தச் சோறுதான் வேண்டும்.
தலைப்பகுதியை மட்டும் வாங்கி
அகலம் பார்த்து, வரிசை பெருக்கி,
ஃபியோர்டின் வாய் எந்த பைட்டில் திறக்கிறது,
எதில் மூடுகிறது என்று கண்டாள்.
பத்தொன்பது துண்டு. இருபத்திநாலு நிமிடம்.

மஸ்ஸான்டி பூட்ஸோடு உள்ளே வந்து குனிந்தான்.
வாயின் குறுக்கே ஒரு கருப்பு விரல்.
"தண்ணியா?"
"தண்ணியா இருக்கலாம். வழவழன்னு புதுப் பனியாவும் இருக்கலாம்.
ரேடாருக்கு ரெண்டும் கருப்பு."
"எப்ப எடுத்தது?"
"காலை ஏழே கால்."
சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். எட்டு மணி, ராத்திரி.
ஒன்றும் சொல்லாமல்
விரலின் நுனியைத் தன் விரலால் அளந்துகொண்டான்.

காலையில் கிளம்பினான்.
ஜன்னலிலிருந்து தெரியும் தூரம் வரை பார்த்தாள்.
ஓரிடத்தில் நாய்களை நிறுத்தி இறங்கி
இரும்புக் கம்பியால் பனியைக் குத்தினான்.
பத்தடி போய் இன்னொரு குத்து.
இன்னொரு பத்தடி.
மூன்றாவதில் நின்று
நெடுநேரம் கம்பியின் முனையைப் பார்த்தான்,
பிறகு இடப்பக்கமாய் வளைந்தான்.

அவள் முதுகுக்குப் பின்னே,
யாருக்கும் வேண்டாத வடகரை
துண்டு துண்டாய் இறங்கிக்கொண்டிருந்தது.
நிறுத்த மறந்திருந்தாள்.