பெல்ட்டைக் கழற்றுங்கள்

ஹெல்தர்மா துறையில், தடுப்புக் கட்டைக்குப் பக்கத்தில்
ஒரு மரக்கூண்டு, ஒரு மின்கணப்பு, நான்.
என் முதுகுக்குப் பின்னால் தொடங்குகிறது
கடல்மேல் போகும் சாலை.
இருபத்தாறு கிலோமீட்டர், எஸ்தோனியாவின் பெருங்கரை வரை.
இந்தப் பிப்ரவரியில் பனிக்கட்டியின் தடிமன்
முப்பத்தொரு சென்டிமீட்டர்.
அதற்குக் கீழே தண்ணீர். அதை யாரும் கேட்பதில்லை.

வரும் ஒவ்வொரு காரிடமும் ஒரே வாசகம்:
பெல்ட்டைக் கழற்றுங்கள்.

தாலின்காரர்கள் சட்டம் பேசுவார்கள்.
உயிரைக் காப்பதே அதுதானே, அம்மா?
ஆமாம், தரையில்.
இங்கே அது உங்களைக் கட்டிப்போட்டு
காரோடு சேர்த்து அடியில் அனுப்பிவைக்கும்.
முகத்தில் ஏதோ ஒன்று இடம் மாறும்.
பிறகு, க்ளிக்.
மனிதர்கள் யோசிக்கும்போது எழும் சத்தம்
இதுதானோ என்று
சில நாள் எனக்குத் தோன்றும்.

அடுத்தது வேகம்.
இருபத்தைந்துக்குள் ஊர்ந்து போங்கள்,
இல்லையென்றால் நாற்பதுக்கு மேல் ஓட்டுங்கள்.
இரண்டுக்கும் நடுவே போனால்
பனிக்கு அடியில் ஓர் அலை எழுந்து
காரோடு கூடவே நடந்து வரும்,
எங்கோ ஓர் இடத்தில் முந்திக்கொள்ளும்.
"நான் எப்போதும் முப்பதில்தான் போவேன்,
நிதானமான ஆள்" என்றார் ஒரு வங்கி மேலாளர்.
நிதானம் கரையில் வைத்துவிட்டுப் போகவேண்டிய சாமான் என்று
அவருக்கு எப்படிச் சொல்வது?

எங்கள் மொழியில் இந்த அறிவுக்குக்
குடியானவன் புத்தி என்று பேர்.
பள்ளிக்கூடம் தராதது. மழைக்கு முன்னால்
வைக்கோலை மூடச் சொல்வது.

போன செவ்வாய் லெம்பித் வந்தான்.
அசல் குடியானவன். நூற்றுப்பத்து ஆடு.
மறுகரையில் தங்கையின் ஆடுகளுக்குத் தீவனம் என்று
இழுவண்டி நிறைய வைக்கோல் உருளைகள்.
எவ்வளவு எடை என்றேன்.
"வைக்கோல்தானே."
நாற்பது வருடம் அதைத் தூக்கிய முதுகு
அவனிடம் அப்படிச் சொல்லியிருக்காது.
திருப்பி அனுப்பினேன். கப்பலுக்குப் போ என்றேன்.
கப்பலுக்குக் காசு கேட்பார்களாம்;
என்னையும் என் கூண்டையும் திட்டிக்கொண்டே
பின்னோக்கி ஓட்டினான், கண்ணாடியைப் பார்க்காமல்.
கம்பம் ஒன்று அவனுக்காகக் காத்திருந்தது.

மறுநாள் பியானோ சொல்லித்தரும் மார்யு.
பெல்ட் ஏற்கெனவே கழற்றியிருந்தது. ஜன்னல் பாதி இறக்கம்.
மடியில் நாய், பின்சீட்டில் கயிறு.
ஒன்றே ஒன்று கேட்டாள்:
"ராத்திரி காற்று எந்தப் பக்கம்?"
பத்துக் குளிர்காலமாக இங்கே உட்காருகிறேன்.
எனக்குத் தெரியவில்லை.
தொலைபேசியை எடுத்தேன். தென்மேற்கு என்றார்கள்,
ஒன்பதாவது கிலோமீட்டரில் கோடு விழுந்திருக்கிறது என்றார்கள்.
கட்டையை இறக்கினேன்.
அவள் தலையசைத்து நாயிடம் ஏதோ சொன்னாள்.
எனக்குக் காது சுட்டது. கணப்பு காரணமில்லை.

அன்று வீடு திரும்பும்போது, தார்ச்சாலையில்,
கார்த்லா திருப்பத்தில் போலீஸ்காரப் பையன் கைகாட்டினான்.
பெல்ட் எங்கே?
தோளில் இல்லை. காலையிலிருந்தே இல்லை.
நாள் முழுக்க ஊருக்குக் கழற்றச் சொன்னவள்
மாட்டிக்கொள்ள மறந்திருக்கிறேன்.
"இது சாதாரண புத்திதானே, மேடம்."
என் மகளைவிடச் சின்னவன். ரசீதில்
என் பேரையும் தப்பாக எழுதினான்.

வீட்டுக் கதவைத் திறந்தால் கூடத்தில் இருட்டு.
தோனிஸ் பல்பு மாற்றிக்கொண்டிருக்கிறார்.
ஏணி கொட்டகையில் இருக்கிறது, கொட்டகை பனியில் இருக்கிறது,
ஆகவே
ஐந்து சக்கரம் வைத்த மேஜை நாற்காலியின் மேல்
ஒற்றைக் காலூன்றி, வாயில் டார்ச்சோடு.

எத்தனையோ வாசகங்கள் நாக்குவரை வந்தன.
கோட்டின் பையில் ரசீது மடங்கிக் கிடந்தது.
பூட்ஸைக்கூடக் கழற்றாமல் போய்
நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன்.