வான்

என் வேலை காற்றைப் பார்ப்பது.
தூண்களின் உச்சியில் சுழலும் கிண்ணங்கள்
அனுப்பும் எண்ணைத் திரையில் பார்த்திருப்பது.
எண் சிவப்புக் கோட்டைத் தொட்டால்
கம்பிவடத்தின் வேகத்தைக் குறைத்து,
ஆட்களை இறக்கி, நிறுத்திவிடுவது.
இதற்குச் சம்பளம் தருகிறார்கள்,
பல் வைத்தியக் காப்பீட்டோடு.

பக்கத்துத் திரை கேட்காமலே சொல்லும்
இன்று எங்கள் பெட்டிகளை இழுப்பது எது என்று.
புவா-ரூஜ் உலையில் கரும்புச் சக்கை.
கனடாவிலிருந்து கப்பலேறி வந்த மரத்தூள் உருண்டை.
வெயில் ஏறியதும் பள்ளிக்கூடக் கூரைகள்.
சேன்த்-சூசான் மேட்டில் காற்றாலை:
அதன் பங்கு, சாம்பாரில் பெருங்காயம்.
ஆகஸ்டில் மட்டும் கொஞ்சம் தூக்கல்.

அந்த மேட்டில் ரெஜிஸ் வல்லியாமே.
கடல் தாண்டி வரும் காற்று முதலில் அவனிடம் போகும்,
கால் மணி கழித்து என்னிடம் வரும்.
ஆறு இருபதுக்குத் தொலைபேசியில் சிரித்தான்.
"இன்னிக்கு என் இறக்கைக்கு விருந்து!"
நான் பதில் சொல்லவில்லை.
கோட்டைப் பார்த்தேன்.

அவனிடம் கூலியாள்,
என்னிடம் வழிமறிப்பவன்,
ஆள் ஒருவன்தான்.

பத்தொன்பதாம் பெட்டியில் ஒரே ஒரு பயணி,
மதாம் சினிமாலே.
கிளினிக்கில் தரை துடைக்கும் வேலை,
ஏழு மணிக்குக் கடிகார அட்டை.
பள்ளத்தின் மேல், ஊஞ்சலில் பாதி ஆட்டத்தில்,
பொத்தானை அழுத்திக் கேட்டாள்:
"கரண்ட் போச்சா?"
இல்லை மதாம். இன்றைக்கு நிறையவே இருக்கிறது.
"பிறகு?"
காற்று.

கொஞ்ச நேரம் கரகரப்பு மட்டும்.
"என் தலைக்கு மேலே ஒட்டியிருக்கீங்களே,
காற்று உங்களைச் சுமக்கிறதுன்னு.
அந்தக் காற்றா?"

அதேதான் என்றேன்.
"இப்போ கீழே போட்டுடாதேன்னு சொல்லு அதுகிட்ட."

நத்தை வேகத்தில் இறக்கினேன்.
ஒவ்வொரு தூணையும் தாண்டும்போது
என் கால்விரல்கள் காலணிக்குள் மடங்கின.

ஷோத்ரோன் நிலையத்தில் அவளும் குடையும் இறங்க,
வாசலில் மாற்று டீசல் பேருந்து
ஊரையே ஏற்றிக்கொண்டு
இருமிக்கொண்டு நின்றது.

ஏறாமல் என் கண்ணாடிக்கு வந்தாள்.
"தாமதச் சீட்டு."

அச்சடித்த படிவத்தில் காரணங்கள் மூன்று:
மின்தடை, பழுது, வேலைநிறுத்தம்.
எதில் குறியிடுவது?
மூன்றையும் அடித்தேன்.
ஓரத்தில் எழுதினேன்: வான்.

எங்கள் கிரியோலில் காற்றுக்கு அதுதான் பேர்.
சனிக்கிழமைத் தமிழ் வகுப்பிலோ
அதே ஒலியை ஆகாயம் என்று எழுதவைத்தார்கள்.
ஒரு மதிப்பெண் போனது எனக்கு.

இரண்டில் எது என்று
அவள் மேற்பார்வையாளர் கேட்டால்
இரண்டும்தான்.
முத்திரை குத்திக் கொடுத்தேன்.
மை காயுமுன் பறக்கப் பார்த்தது சீட்டு,
பிடித்துக்கொண்டாள்.